இடுக்கில்லாத தட்டு

1

போன கிழமை இங்கே நோர்வேயில் வாகனப் பரிசோதகர்கள் வீதியில் எங்களை மறித்தார்கள். என் மனிசன் அருளப்பு பழுதாகி நிற்கிற கார்களை ஏற்றிக்கொண்டுபோய் கராஜில் இறக்குகிற தொழில் செய்கிறவர். அவருடைய வாகனத்துக்குப் பின்னால் இழுபடுகிற ட்ரெயிலரின் தட்டு முழுக்கப் பலகை. பரிசோதகர் ஒரு கூர்க் கம்பியோடு வந்து குந்தியிருந்து ஒவ்வொரு பலகையாகக் குத்திப் பார்த்தார். மேலே பார்த்து முடித்துக் கீழேயும் படுத்துப் பார்த்தார். பிறகு இந்தத் தட்டை ஆர் பராமரிக்கிறது என்று கேட்டார். அருளப்பு என்னைக் காட்டினார். அந்த மனுசன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, திரும்பப் போய் இன்னும் ரெண்டு இடத்தில் குத்தினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் கம்பி ஒரு இடத்திலும் இறங்கவில்லை. நல்லாயிருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அருளப்பு வழிநெடுக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆராவது ஒரு கம்பியைப் பலகையில் வைத்து அழுத்தினால் நான் அந்தக் கம்பியின் நுனியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஏன் என்று ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாசிக்கிறவர்களில் மன்னாரில் முருங்கன் பக்கத்து ஆக்கள், முசலிப் பக்கத்து ஆக்கள் இருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கோ.

முதலில் பலகைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நோர்வேயில் பனிக்காலம் முழுக்க வீதிக்கு உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்புத்தண்ணி சில்லில் பட்டுத் தெறித்துத் தட்டின் அடியில்தான் போய் ஒட்டும். மேலே பார்த்தால் தட்டு மாப்பிள்ளை மாதிரி இருக்கும், அடியில் இரும்பும் போல்ட்டும் துருப்பிடித்து, அதைச் சுற்றிப் பலகை சீரழிந்துகொண்டிருக்கும். அதனால் பனி விட்டதும் நான் செய்கிற முதல் வேலை அடியைக் கழுவுவது. பிறகு பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கெல்லாம் பழைய மேசைக் கத்தியால் கீறி மண்ணையும் சருகையும் வெளியே எடுப்பேன். அந்த இடுக்குத்தான் தட்டின் உயிர். தண்ணி அதற்குள்ளால் கீழே ஓடவேணும், காற்று அதற்குள்ளால் மேலே வரவேணும். பிறகு கூரைக்கடியில் நிறுத்திக் காயவிட வேண்டும். பொறுமையில்லாமல் ஈரப் பலகைக்கு எண்ணெய் பூசினால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலைதான். நல்லாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய். மேலே, கீழே, எல்லாவற்றையும்விட முக்கியமாக வாளால் அறுத்த முனைகளில். பலகை தண்ணி குடிப்பது அந்த முனைகளால்தான். கடைசியாகப் போல்ட்டுகளைச் சுற்றி ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்ப்பேன். உக்கல் அங்கேதான் தொடங்கும்.

இந்த வேலை என் தலையில் விழுந்தது அருளப்புவின் நாரி போனதால். முந்தி மீன் தொழிற்சாலையில் பெட்டி தூக்கித் தூக்கி மனிசனுக்கு இப்போது குனிய ஏலாது. ட்ரெயிலரோடு வந்த புத்தகத்தை அகராதியும் கையுமாக இருந்து வாசித்தேன். முதல்முறை எண்ணெய் வாங்கப் போனபோது பலகை காய்ந்து வெடித்திருக்கிறது என்று சொல்லத் தெரியாமல், எங்கள் பலகைக்குச் சரியான தாகம் என்று சொல்லிவிட்டேன். கடைக்காரப் பெடியன் விழுந்து விழுந்து சிரித்தான். இப்போதும் என்னைக் கண்டால், பலகைக்கு இந்தமுறையும் தாகமோ என்றுதான் கேட்கிறான். மகள் மெலனிக்கு இதெல்லாம் மானம்போகிற விஷயம். பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள், அதுவும் காதில் கொழுவினதைக் கழற்றாமல். ஆனால் தட்டுக்கடியில் டோர்ச் பிடிக்க மட்டும் வருவாள். அதுக்குக் கூலி உண்டு.

2

என் தம்பி றெஜி. எங்கள் ஊரான விடத்தல்தீவில் பிறந்தவன். சண்டைக்காலத்தில் குடும்பமாகக் கடல் கடந்துபோய் தமிழ்நாட்டில் முகாமில் இருந்தார்கள். அங்கே அவன் வள்ளம் கட்டுகிற இடத்தில் வேலைக்குப் போனான். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்து இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி மேலே பூசி அடைக்கிற வேலை. சும்மா சொல்லக்கூடாது, அதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவன் அடைத்த வள்ளத்துக்குள் தண்ணி இறைக்கத் தேவையில்லை என்று பேர் எடுத்தவன்.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பினபோது வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. வீடு இருந்த இடத்தில் பற்றை. கண்ணிவெடி எடுத்து முடியாத காணிகளுக்குச் சிவப்புப் பலகை அடித்திருந்தது. கடலுக்குப் போகப் பாஸ் வேணும், பாஸுக்குக் கந்தோர் கந்தோராக அலையவேணும். இவன் அலைந்து பார்த்துவிட்டு, உழவு இயந்திரத்தில் கொழுவி வாடகைக்கு ஓட்டலாம் என்று, முருங்கனில் பழைய இரும்புக்குள் கிடந்த ஒரு ட்ரெயிலர் எலும்புக்கூட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். தட்டுக்கு லேசில் உக்காத முதிரைப் பலகை போட ஆசை. அதுக்கும் பெர்மிட் வேணும். இந்தக் கந்தோர் அந்தக் கந்தோரைக் காட்ட, அந்தக் கந்தோர் இதைக் காட்ட, அலுத்துப்போய் மாம்பலகையைப் போட்டான்.

போட்டுவிட்டு எனக்குப் படம் அனுப்பினான். கோதாரி, பார்க்க என்ன வடிவு. எண்ணெய் மின்ன, ஒரே பலகையால் செய்தது போல ஒரு தட்டு. நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு இடுக்கும் இல்லை. வள்ளத்தை அடைக்கிற மாதிரி ட்ரெயிலர் தட்டையும் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்திருந்தான்.

உடனே தொலைபேசி எடுத்தேன். வள்ளத்துக்கு வெளியே தண்ணி நிற்கும், அது உள்ளே வரக்கூடாது. ட்ரெயிலருக்கு மேலே தண்ணி விழும், அது கீழே போகவேணும். நீ போகிற வழியை அடைத்து வைத்திருக்கிறாய் என்றேன். ஒரு சொட்டும் இறங்காது என்று பெருமையாகச் சொன்னான். இறங்காதது மேலே நின்று போல்ட் ஓட்டைகளுக்குள்ளால் ஊறும், இரும்புக்கும் பலகைக்கும் நடுவில் போய் நிற்கும், நிற்கிற தண்ணி மழைத்தண்ணி, கடல்தண்ணி இல்லை என்றேன். உப்புத்தண்ணியில் வருஷக்கணக்காகக் கிடக்கிற மரம் மழைத்தண்ணியில் ஒரு மாரிகாலத்துக்குத் தாங்காது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் தன் கைவேலையைக் குறை சொன்னதுதான் அவன் காதில் விழுந்தது.

“அக்கா, நீங்கள் அங்க போய் எண்ணெய் பூசப் பழகினனீங்கள். நான் மரத்தோடயே கிடந்தனான். உங்கட ஊர்ப் பலகைக் கதையை என்னட்டச் சொல்லாதேங்கோ.”

அதோடு போனை மச்சாள் கிளாராவிடம் கொடுத்துவிட்டான். கிளாரா அவனுடைய மனுசி; நல்ல பிள்ளை, சண்டைக்கு நடுவில் நிற்கப் பயம். மழை, கோழி, டிசம்பரில் நத்தாருக்கு வாறீங்களா என்று கதையை மாற்றிவிட்டாள்.

பழுதான வான், ஓட்டோ, லான்ட்மாஸ்டர் உழவு மிஷின் என்று அவன் ஏற்றி இறக்குவது எனக்குக் கவலையில்லை. இரும்பு விழுந்தால் இரும்புதான் உடையும். ஆனால் பஸ் ஒழுங்கில்லாத காலம். ஞாயிறு பூசைக்குச் சனம் அந்தத் தட்டில் ஏறி நின்றுதான் போகும். கலியாணம், செத்தவீடு, ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான். கிளாரா அனுப்புகிற படங்களில் தலையும் தலையுமாக நிற்கிறார்கள், கையில் குழந்தைகள். அவர்களுடைய காலுக்கும் ஓடுகிற சில்லுக்கும் நடுவில் இருப்பது அந்த மாம்பலகை. அந்த மாரி முழுக்க எனக்கு நித்திரை சரியில்லை. மழை என்று செய்தி பார்த்தால் போதும், கிளாராவுக்குத் தொலைபேசி எடுப்பேன்.

3

இரண்டாவது மாரிக்கு நானும் மெலனியும் போனோம். அருளப்புவுக்கு லீவு கிடைக்கவில்லை. வழியில் சோதனைச்சாவடியில் இறக்கி, கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்கள். பிறந்த ஊருக்கு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அப்படியென்றால் ஏன் இந்தக் கடவுச்சீட்டு என்று அடுத்த கேள்வி. நான் விசாப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். மெலனி வீதியின் மற்றப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் போய் இறங்கினபோது மழை விட்டிருந்தது. ட்ரெயிலர் முற்றத்தில் நின்றது. தட்டு முழுக்கத் தண்ணி, கணுக்காலளவு, வயலுக்கு வரம்பு கட்டினமாதிரி. றெஜி ஏறி நின்று தும்புத்தடியால் அந்தத் தண்ணியைத் தள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவன் முகமெல்லாம் சிரிப்பு. பார்த்தீங்களா, ரெண்டு மாரி, ஒரு ஒழுக்கு உண்டோ என்றான். கட்டிப்பிடித்து அழுதோம், சிரித்தோம், இறால் சமைத்துச் சாப்பிட்டோம். அவன் மெலனியோடு கதைக்கப் பார்த்தான். அவள் ஓம், இல்லை என்று ரெண்டு சொல்லோடு நின்றாள். பிள்ளைக்கு எங்களைப் பிடிக்கவில்லையோ என்று கிளாராவிடம் கேட்டிருக்கிறான், பாவம்.

அடுத்தநாள் காலை அவன் முருங்கனுக்குப் போன நேரம் பார்த்து, நான் பாயை விரித்து ட்ரெயிலருக்கடியில் படுத்தேன். மெலனி கேட்காமலே பக்கத்தில் வந்து படுத்து, போனில் டோர்ச் அடித்தாள். முதலில் மணம்தான் வந்தது. காளான் மணக்குது அம்மா என்றாள், தன்னையறியாமல் தமிழில். இரும்புச் சட்டத்தில் பலகை இருக்கிற இடமெல்லாம் கறுத்து, வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்தேன். அழுத்தவேயில்லை. அவித்த மரவள்ளிக்குள் போகிறமாதிரி பிடிவரைக்கும் போனது. இழுத்தபோது கறுத்தத் தண்ணி என் கையாலும் அவள் கையாலும் வழிந்தது. மேலே குங்கிலியம் பூசின ஒரு தோல், அதுக்குக் கீழே ஒன்றுமில்லை. மெலனி எழும்பிப் போய் கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

றெஜி வந்ததும் கூட்டிப்போய்க் காட்ட நினைத்தேன். அவன் குனியவே மாட்டேன் என்றான். வெளிநாட்டிலிருந்து வந்த அடுத்தநாளே அடியில் படுத்துப் பிழை தேடினதாக அவனுக்குச் சரியான கோபம். அக்கம்பக்கத்தில் நின்ற ஆம்பிளைகளைக் கூப்பிட்டுத் தட்டில் ஏற்றிக் குதிக்கச் சொன்னான். குதித்தார்கள். ஆறு பேர், நல்ல தடித்த ஆக்கள், சிரித்துக்கொண்டு குதித்தார்கள். தட்டு தாங்கியது. ஆனால் ஒவ்வொரு குதிக்கும் நடுவில் பலகை கொஞ்சம் தாழ்ந்து, மெல்ல மேலே வந்தது. முனகினமாதிரி ஒரு சத்தம். எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். வள்ளமும்தான் முனகும் என்று ஆருக்கோ சொல்லுகிறமாதிரி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அதிலிருந்து எனக்கும் அவனுக்கும் கதை குறைந்தது. நத்தார் பூசைக்கு ஊர்ச்சனம் முழுக்க அதில்தான் போவதாக ஏற்பாடு. பிந்தி வந்தவர்களுக்கு இடம் இல்லாமல் போகும் என்று முதலே சொல்லி வைத்திருந்தார்கள். நான் கிளாராவிடம் கெஞ்சினேன். நத்தார் முடியக் கழற்றிப் பார்ப்பம் மச்சாள், அவருக்கும் ஒரு மரியாதை இருக்குத்தானே என்றாள். வேறு ட்ரெயிலர் பிடிப்போம் என்றேன். நத்தார் நேரத்தில் எங்கே பிடிக்கிறது? ஊரில் சிலர் எனக்குக் கேட்கவே, வெளிநாட்டுக்காரிக்கு விசர் என்று கதைத்தார்கள்.

4

நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஒரு தொகைச் சனம் புறப்பட்டது. உழவு இயந்திரத்தை ட்ரெயிலரில் கொழுவியாகிவிட்டது. பெண்டுகள் வெள்ளைச் சீலையோடு நிற்கிறார்கள். ஒரு கைக்குழந்தையை முதலில் தட்டில் இருத்திவிட்டு, தாய் ஏறக் காலைத் தூக்கினாள். நான் அந்தக் குழந்தையைத் தூக்கித் தாயின் கையில் கொடுத்தேன். பிறகு விறகடியில் கிடந்த கோடாலியை எடுத்துக்கொண்டு தட்டில் ஏறினேன்.

என்னைப் பிடிக்க றெஜி ஓடி வந்தான். அதுக்குள் நான் ஒரு கொத்துக் கொத்திவிட்டேன். ஓங்கிக்கூடக் கொத்தவில்லை. கோடாலி பலகைக்குள்ளால் மறுபக்கம் போனது. ரெண்டாவது கொத்துக்குப் பலகை துண்டாகி, ஈரச் சேறு மாதிரி பொத்தென்று நிலத்தில் விழுந்தது. என் கால் வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆள் இறங்குகிற அளவு ஓட்டை. அதுக்குள்ளால் சில்லுத் தெரிந்தது. அந்தத் தாய் குழந்தையை இறுக்கிக்கொண்டு ரெண்டடி பின்னால் போனாள். பிறகு ஆரோ மாதாவே என்றார்கள்.

றெஜி தட்டில் ஏறவில்லை. கீழேயே நின்று, விழுந்த துண்டை எடுத்துப் பார்த்தான். விரலால் பிசைந்தான். பிறகு தட்டின் ஓரத்தில் கையை வைத்து அடுத்த பலகையை மேலே இழுத்தான். அதுவும் வெறும் கையோடு வந்தது. அவன் முகத்தில் இருந்த நிறம் அப்படியே இறங்கிப் போனது. என்னைத் திட்டப்போகிறான் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நல்லது.

“அக்கா, நான் இப்பிடி இன்னும் நாலு செய்து குடுத்தனான்.”

அவனுடைய தட்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். ஒழுகாத தட்டு. நெல் மூட்டை நனையாது, சாமான் நனையாது, நிற்கிற சனத்தின் கால் சேறாகாது. இவனும் ஆசையாகச் செய்து கொடுத்திருக்கிறான்.

5

அந்த நத்தாரை நாங்கள் கொண்டாடவில்லை. தம்பியும் நானும் மோட்டார் சைக்கிளில் அலைந்தோம். முருங்கனில் ரெண்டு ட்ரெயிலர். சொன்னதும் கழற்றிவிட்டார்கள், ஒருவர் மட்டும் கொஞ்சம் ஏசினார். மூன்றாவது கொண்டச்சியில், சண்டைக்காலத்தில் விரட்டப்பட்டுப் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பிவந்து கடை போட்டிருந்த சலீம் நானாவிடம். நாங்கள் போனபோது அவருடைய மகளும் பேரப்பிள்ளைகளும் அதில் ஏறிப் பயணம் வெளிக்கிட நின்றார்கள். நாங்கள் சொன்னதைக் கேட்டதும் நானா எழும்பினார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, தானே அலவாங்கை எடுத்துவந்து நடுப்பலகையைக் கிளப்பினார். அடி உக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்தார். றெஜி குடிக்காமல் எழும்பிப் போய் மிச்சப் பலகைகளையும் கிளப்பத் தொடங்கினான்.

நாலாவதை வாங்கினவர் அதை விற்றுவிட்டிருந்தார். வாங்கினவர் இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டார். அதுக்குப் பிறகு ஆருக்கும் தெரியவில்லை. நீலச் சட்டம், பின்கதவில் அந்தோனியார் துணை என்று எழுதியிருந்ததாம். நிறத்தை மாற்றியிருக்கலாம், எழுத்தை அழித்திருக்கலாம். பொலிசுக்குப் போனோம். விபத்து நடந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றோம். களவு போனதா என்று கேட்டார்கள். இல்லை என்றோம். அப்படியென்றால் என்னத்தை எழுதுவது என்று பேனாவை மூடி வைத்துவிட்டார் அந்த மனுசன்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். எந்த ட்ரெயிலரிலும் ஏறமுன் ஒருக்கால் குனிந்து அடியைப் பாருங்கோ. பலகைக்கு நடுவால் வெளிச்சம் தெரியவேணும். தெரியாவிட்டால் ஏறாதேயுங்கோ, பிள்ளைகளை ஏற்றாதேயுங்கோ. உங்களிடமே அப்படி ஒன்று இருந்தால், அடைத்ததைக் கிண்டி எடுத்துவிட்டுப் போல்ட்டைச் சுற்றிக் குத்திப் பாருங்கோ. கம்பி இறங்கினால் அந்தப் பலகைக்கு எண்ணெயும் பூச்சும் வைத்தியமல்ல. கழற்றி எறியுங்கோ.

நான் திரும்பி வந்து இப்போது நாலு மாதம். மெலனி அந்தப் பயணத்தைப் பற்றிக் கதைப்பதே இல்லை. மாமாவுக்கு மட்டும் இடைக்கிடை ஏதோ எழுதி அனுப்புகிறாள், எனக்குக் காட்டமாட்டாள். றெஜி தன் ட்ரெயிலருக்குப் பலகை போடவில்லை. ஒருநாள் விடாமல் முருங்கன் சந்தியில் போய் நிற்கிறான் என்று கிளாரா சொன்னாள். வருகிற ட்ரெயிலர்களுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறானாம். சனம் பகிடி பண்ணுதாம்.

முந்தநாள் அவனே தொலைபேசி எடுத்தான். குரல் அவனுடையது மாதிரி இல்லை. அந்த நாலாவது ட்ரெயிலரைக் கண்டுவிட்டான். சந்தியில் மற்றப்பக்கத்தில், புறப்பட்டுப் போகிற நேரத்தில். சட்டத்துக்குப் பச்சை அடித்திருக்கிறது, ஆனால் தட்டு தன் கையால் அடைத்த தட்டு என்று தனக்குத் தெரியாதா என்று கேட்டான். நிறையச் சனம். பிள்ளைகளும் நின்றார்களாம், ஏதோ விசேஷத்துக்குப் போகிறமாதிரி. இவன் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறான். பிடிக்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வர அது கண்ணில் இல்லை. சிலாவத்துறை வீதியால் போனான், கொண்டச்சி வரைக்கும் போய்க் கேட்டான், காணவில்லை. மன்னார்ப் பக்கமோ மதவாச்சிப் பக்கமோ போயிருக்கவேணும்.

இவ்வளவு கத்தியும் ஒருத்தருக்கும் கேட்கவில்லையா என்று நான் சத்தம் போட்டேன். கேட்டதாம். உழவு இயந்திரத்தின் இரைச்சலில் என்ன சொல்கிறான் என்றுதான் விளங்கவில்லையாம். பின்னுக்கு நின்ற ஒரு மனுசி இவன் ஓடி வருவதைக் கண்டு, மற்றவர்களை நெருங்கி நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்து கையை நீட்டினாளாம்.

“கெதியா ஓடி வாங்கோ அண்ணை, இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்கு.”